பின்னால் விழும் பந்து

— தலை மட்டுந்தான் தெரியுது ரூபி. கால் தெரியல. கால் தெரியாம நான் என்னான்னு சொல்றது?

— கல்லு மேல வச்சா சாயுது மாமா. காத்து வேற. இருங்க, வீரய்யாண்ணன் வாறாரு, அவரப் பிடிக்கச் சொல்றேன். அண்ணே! இந்தப் போன கொஞ்சம் பிடிங்க. இப்பிடி. ரெண்டு கையாலயும்.

— இதுல யாரு, ஜெயகாந்தனா? தம்பி, நான் வீரய்யா. பங்களா வாச்சர் வீரய்யா. வெளங்குதா?

— வெளங்குதுண்ணே. ஒங்க மூக்கு மட்டும் பெருசா தெரியுது. போன அந்தப் பக்கம் திருப்புங்க.

— கொழும்புல வெயிலா தம்பி?

— வெயில்தாண்ணே. சட்டை ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ரூபியக் காட்டுங்க.

— இங்க பங்களா டெனிஸ் கோர்ட்டு பூரா மப்பு. மத்தியானமே எறங்கிருச்சு. எதிர்த்த மலை தெரியல, கீழ பெக்டரி தெரியல. டிக்கோயாவே இல்லாத மாதிரி இருக்கு, வெளங்குதா?

— அண்ணே, என்னையக் காட்டுங்கண்ணே. வெளிச்சம் போறதுக்குள்ள நாலு பந்து போடணும்.

— ஹரி, ஹரி. இப்ப முழுசா தெரியிற. ரெக்கெட்ட எப்பிடிப் பிடிச்சிருக்க, காட்டு.

— செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி மாதிரி. நீங்க சொன்ன மாதிரியே. கொழும்பு போய் ஒங்களுக்குச் சரிங்கிறதும் சிங்களத்துல ஹரி ஆயிருச்சு.

— ஹரி. கையில என்னா துணி? எடது கையில, ஆள்காட்டி வெரல்ல.

— ஒன்னுமில்ல, கொழுந்து எடுக்கிறப்ப கிழிச்சிருச்சு.

— நேத்து இல்லையே.

— நேத்தும் இருந்துச்சு மாமா. நேத்து நீங்க வலது கையத்தான் பாத்தீங்க.

— காலுக்கு?

— ஒங்க பழைய சப்பாத்து. முன்னுக்குத் துணி வச்சு அடச்சிருக்கேன்.

— அது பெருசுல்ல புள்ள ஒனக்கு?

— பெருசுதான். அதுனால என்னா, அட்டை ஏறாது.

— சரி. போடு ஒன்னு. அவசரப்படாத. மூச்ச விட்டுட்டுப் போடு.

— உள்ளுக்கு! கோட்டுல பட்டுச்சு! கோட்டுல பட்டா சரிதானே தம்பி?

— எந்தக் கோட்டுலண்ணே? நேத்து மழைக்குக் கோடெல்லாம் கரைஞ்சிருச்சுன்னு அவ சொன்னாளே.

— இன்னைக்குத் திரும்பப் போட்டுட்டேன் மாமா, அடுப்புச் சாம்பல்ல. அண்ணன் எனக்காகப் பொய் சொல்றாரு. பந்து கோட்டையெல்லாம் தாண்டிப் போய்த் தேயிலைக்குள்ள விழுந்திருச்சு.

— போய் எடுத்துட்டு வா.

— இப்ப எங்க எடுக்கிறது, மப்புல? நாளைக்கு எங்க செட்டு அந்த மலையிலதான். கொழுந்து எடுக்கிறப்ப தேடிக்கிறேன். போன கெழம அழகம்மா அக்கா கூடைக்குள்ள ஒரு பந்து கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் போயிருச்சு தெரியுமா? நிறுக்கிறவன் தூக்கிப் பாத்துட்டு, அக்கா இது எந்தச் செடியில பறிச்சீங்கன்னு கேட்டிருக்கான்.

— ஹா! அதுக்கு அவங்க?

— ஜெயகாந்தன் பொண்டாட்டி வச்ச செடி, இப்பதான் காய்க்குதுன்னு சொல்லியிருக்காங்க. மலையெல்லாம் ஒரே சிரிப்பு.

— ஒன்னைய நக்கலடிக்கிறாங்களா?

— அடிக்கட்டும். தனியா நின்னு வானத்துக்குப் பந்து போடுறவளப் பாத்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது? அட போங்க, அடுத்தது போடுறேன், பாருங்க.

— இருங்க இருங்க. தம்பி, நான் ஒன்னு கேக்குறேன். பந்து பொறுக்கிப் போடுற வேலைக்கு எதுக்கு இந்தப் புள்ளைக்கு இம்புட்டுப் பாடு?

— பொறுக்கிப் போடுற வேலை இல்லண்ணே. மார்க்கர் வேலை. கிளப்புக்கு வாற மெம்பர்மாருக்கு ஆள் கெடைக்கலன்னா நாங்கதான் எதிர்ல நின்னு வெளையாடணும். காலையில நோனாமார், பெரிய எடத்துப் பொம்பளைங்க, வருவாங்க, அவங்களோட வெளையாட ஒரு பொம்பள மார்க்கர் வேணும்னு... கேட்டாங்க.

— அதுக்கு ரூபிகாவா?

— அதுக்குத்தாண்ணே. எனக்கு அங்க வேலை கெடைச்சா ரெண்டு பேருக்கும் ஒரு ரூம் குடுப்பாங்க, கிளப்புக்குப் பின்னுக்கு. இப்ப மாமா நாலஞ்சு ஆம்பளைங்களோட ஒரே ரூமுலதானே கெடக்காரு. பெரிய நோனா ஒரு நாள் வரச் சொல்லி வெளையாடிப் பாப்பாங்க. சரின்னா சரி. அவ்ளோதான். சொல்லுங்க மாமா, அந்த ரூமுல ஜன்னல் ரெண்டுன்னு சொன்னீங்கல்ல?

— ம். ரெண்டு.

— ஒரு ஜன்னல் கோர்ட்டு பக்கம். ஒன்னு ஜம்பு மரத்துப் பக்கம்.

— ம். நீ பந்தப் போடு ரூபி.

— ஆனா தம்பி, ஒங்கம்மாவும் நோட்டன் பிரிட்ஜ்ல மக வீட்டுக்குப் போயிருச்சு. இந்தப் புள்ள லயத்து வீட்டுல ஒத்தையாக் கெடக்கு. வெளக்கு எரியுது, பேச்சுச் சத்தமே இல்ல. இந்தக் கோர்ட்டுல பந்து தட்டுற சத்தம் கேட்டாத்தான் ஆள் இருக்குன்னு எனக்கே தெரியும், வெளங்குதா? சுருக்கா கூட்டிக்கிட்டுப் போயிரு.

— சரிண்ணே.

— நீயும் முந்தி பேசவே மாட்ட. கல்யாணத்தன்னைக்கு ஒன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரலையே! லீவுல வந்தாலும் வாசல்ல குந்தி மலையப் பாத்துக்கிட்டு இருப்ப. இப்ப என்னாடான்னா தெனமும் ரேடியோ மாதிரிப் பேசுற.

— சேர்வப் பத்தி, பந்த மேல போட்டு அடிக்கிறதப் பத்திப் பேசுறதுண்ணே. அது எனக்குத் தெரிஞ்ச விசயம்.

— போட்டுட்டேன் மாமா! பாத்தீங்களா?

— இல்ல, அண்ணன் கட்ட வெரல வச்சு மறைச்சுட்டாரு. திரும்பப் போடு.

— ஐயே! அதுதான் நல்லா வந்துச்சு!

— நல்லா வந்துச்சா?

— இல்ல. அதுவும் தேயிலைக்குள்ளதான்.

— இங்க பாரு ரூபி. ஒன் அடி நல்ல அடி. வலது பக்கமும் எடது பக்கமும் நீ அடிக்கிற பந்து, நான் பாத்த நோனாமார்ல பாதிப் பேருக்கு வராது. அது எப்பிடி வந்துச்சு?

— செவுத்தோட வெளையாடி வந்துச்சு. அப்பா நுவரெலியாவுல ஹோட்டல் கோர்ட்டப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, ஆள் இல்லாத நேரம் பின்னுக்கு இருந்த செவுத்துல அடிப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தா அதுதான். செவுரு என்னைய விட நல்லா வெளையாடும். ஒரு நாளும் ஜெயிச்சதில்ல.

— அதான். செவுரு ஒங்கிட்ட சேர்வ் கேக்காது. அதுனாலதான் இது மட்டும் வரல. வரும். பந்த அடிக்காத இப்ப. சும்மா மேல போடு. விழட்டும். எங்க விழுதுன்னு பாப்போம்.

— போட்டுட்டேன்.

— பின்னுக்கு விழுந்துச்சு தம்பி. அவ தலைக்குப் பின்னுக்கு.

— திரும்பப் போடு. ரெக்கெட்டக் கீழ வச்சிரு. வெறும் கையால.

— ம்.

— அதுவும் பின்னுக்குத்தான். தோளுக்கு மேலால போகுது, வெளங்குதா?

— வெளங்குதுண்ணே. போன கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்க. அவ எடது கைகிட்ட. இன்னும் கிட்ட. ரூபி, மெதுவா. ரொம்ப மெதுவா ஒன்னு போடு.

— என்னா மாமா, கை கோணலா போகுதா?

— பேசாத. இன்னொன்னு.

— இந்தா.

— கடைசியில மணிக்கட்டு ஒரு சொடுக்குச் சொடுக்குது பாத்தியா? கை மேல போறது ஹரி. போய் முடியிற எடத்துல வெரல் விரிஞ்சு பந்தப் பின்னுக்குத் தள்ளுது. நீ காலையில இருந்து என்னா செஞ்ச?

— என்னா செய்வேன்? பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனேன், மலைக்குப் போனேன், கொழுந்து எடுத்தேன். நீங்க கேக்குறதப் பாத்தா டொக்டர் கேக்குற மாதிரி இருக்கு.

— எடுத்த கொழுந்த என்னா செஞ்ச?

— கூடையிலதான் போட்டேன். வேற என்னா செய்வாங்க?

— எப்பிடிப் போட்ட?

— எப்பிடின்னா... இப்பிடித்தான். கை நெறஞ்சதும் இப்பிடி... தோளுக்கு மேலால... ஐயே.

— ஆங்.

— ஐயே! மாமா!

— ஒன் கை கூடைக்குப் போடுது புள்ள.

— முதுகுல கூடையே இல்லையே!

— அது கைக்குத் தெரியுமா? ஒங்கப்பா போய், நீ கொழுந்துக்கு வந்ததுல இருந்து தெனம் பூரா பின்னுக்குத்தானே போட்டிருக்க. பாக்காமலே போட்டிருக்க. நான் இங்க எத்தன பேருக்குப் பந்து போடச் சொல்லிக் குடுக்கிறேன், ஒருத்தருக்கும் இந்தப் பெழை கெடையாது. வலதுல போடுவாங்க, எடதுல போடுவாங்க, கோணலா போடுவாங்க. இப்பிடி அளவா, அழகா, தோளத் தாண்டிப் பின்னுக்கு ஒருத்தரும் போட மாட்டாங்க.

— நானும் தோள்பட்டைய கொற சொல்லிக்கிட்டு இருந்தேன். எண்ணெயெல்லாம் தேச்சேன்.

— எங்கம்மா வீட்டுக்குள்ள வந்தும் அப்பிடித்தான். வெங்காயத் தோல உரிச்சுப் பின்னுக்குப் போடுவாங்க. நாங்கதான் பின்னாடி போய்க் கூட்டுவோம். அது இப்பதான் ஞாபகம் வருது. அண்ணே, சிரிக்காதீங்க, போன் ஆடுது.

— என் பொண்டாட்டியும் அப்பிடித்தான் தம்பி! நான் வேணும்னே என் மேல போடுறான்னு இத்தன வருசமா சண்ட போட்டேன். வெளங்குதா?

— சரி மாமா, இத எப்பிடி மாத்துறது? நாளைக்கும் கொழுந்துக்குத்தானே போகணும். கைய வீட்டுல வச்சிட்டா போறது?

— இரு, யோசிக்க விடு. பந்த வீசாதன்னு சொன்னா ஒனக்குக் கேக்காது. வீசுறதுன்னாலே கூடைதான். வீட்டுல மேல எங்கயாவது எட்டி வைக்கிற சாமான் என்னா இருக்கு?

— சாமித் தட்டு. எட்டித்தான் வைப்பேன்.

— அதுல என்னா வைப்ப?

— வெளக்கு.

— எரியிற வெளக்கா?

— பின்ன?

— ஹரி! எரியிற வெளக்க நீ வீச மாட்டல்ல. பந்த அப்பிடி வை. முன்னுக்கு, வலது தோளுக்கு நேரா, ஒனக்கு எட்டாத தட்டுல. எண்ணெய் சிந்தாம. வச்சிட்டுக் கைய ஒடனே எடுக்காத. அங்கேயே நிக்கட்டும்.

— போட்டுப் பாக்கவா?

— போடாத. வை.

— சரி. வைக்கிறேன்.

— முன்னுக்கு விழுந்துச்சு தம்பி! கால் பெருவெரலுக்கு முன்னால!

— கண்டேன், கண்டேன். இன்னொன்னு. ரூபி, மூச்ச அடக்காத. ஹரி. இன்னொன்னு. ஹரி. இப்ப ரெக்கெட்ட எடு. முழங்கால மடி. வெளக்க வை... நிக்கட்டும்... இப்ப அடி!

— அம்மாடியோ!

— என்னாச்சு? அண்ணே, என்னாச்சு, எனக்கு வெறும் ஆகாயந்தான் தெரியுது!

— உள்ளுக்கு தம்பி! சத்தியமா உள்ளுக்கு! சாம்பல் பொகையா கெளம்புது பாரு! அங்க இருக்கிற கம்பி வேலியில போய் அடிச்சு நிக்குது!

— பொய்யா சொல்றீங்களா அண்ணே?

— இல்ல மாமா, உள்ளுக்குத்தான். எனக்குக் கையில ஒன்னுமே தெரியல. அடிச்ச மாதிரியே இல்ல. அது பாட்டுக்குப் போயிருச்சு. இருங்க, இன்னொன்னு. பாருங்க... உள்ளுக்கு! மாமா, உள்ளுக்கு!

— பாத்தேன். இந்தத் தடவ நானே பாத்தேன். ரூபி, எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? கை, காலு, தலை எல்லாம் ஒரே கோட்டுல. யாராவது அத போட்டோ புடிச்சிருக்கணும்.

— இன்னொன்னு... இதுவும்! வந்துருச்சு மாமா. வந்துருச்சு.

— நான் கெளம்பட்டுமா புள்ள? பங்களாவுல அடுப்பப் பத்த வைக்கணும், எஞ்சினியர் ஒருத்தர் வந்து தங்கியிருக்காரு. போன இந்தக் கல்லு மேல சாச்சு வைக்கிறேன். தம்பி, நான் பாத்தப்பதான் பந்து உள்ளுக்கு விழுந்துச்சுன்னு நோனாகிட்டச் சொல்லு. வெளங்குதா?

— சொல்றேண்ணே. போயிட்டு வாங்க.

— போயிட்டாரு மாமா. தெரியிதா நான்?

— தெரியிற. உக்காந்திட்டியா?

— நெட்டுக்குப் பக்கத்துல. கொஞ்சம் களைப்பு. நெஞ்சு இடிக்குது, ஆனா நல்லா இருக்கு.

— அந்தப் போர்வைய எடுத்துப் போத்திக்க. வேர்வையோட இருக்காத, சளி பிடிக்கும்.

— ம். போத்திட்டேன்.

— நாளைக்கு ரெண்டாவது சேர்வப் பாப்போம். மொத சேர்வ் தப்பினா மெதுவா போடுறது. அதுக்குப் பந்தத் தேய்க்கணும்...

— ரெண்டாவது சேர்வும் வேணும்னு நோனா சொன்னாங்களா?

— இல்ல, இருந்தா நல்லதுதானே.

— நீங்க போன தடவ என்னா சொன்னீங்க? பந்து உள்ளுக்கு விழட்டும், அன்னைக்கே நோனாகிட்ட நாள் கேக்குறேன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தி கிரிப்பு சரியானா கேக்குறேன்னீங்க. அதுக்கும் முந்தி நோனா சிங்கப்பூர் போயிருக்காங்கன்னீங்க.

— ஆமா.

— இப்ப விழுந்திருச்சே மாமா.

— முழங்கால் இன்னும் கொஞ்சம் மடியணும் ரூபி. அப்பத்தான் ஒசரமா...

— இப்பதான் எல்லாம் ஒரே கோட்டுல இருந்துச்சுன்னு சொன்னீங்க.

— சொன்னேன்தான்.

— ஞாயித்துக்கிழமை வரட்டுமா? ஹட்டன் ஸ்டேசன்ல காலைக் கோச்சி இருக்கு. ரெக்கெட்ட சாக்குல சுத்திக்கிட்டு வாறேன்.

— ஞாயித்துக்கிழமை கிளப்புல போட்டி இருக்கு.

— அப்ப திங்கக்கிழமை? பேர் குடுக்காட்டி என்னா, ஒரு நாள் சம்பளம் போனாப் போகட்டும்.

— ரூபி.

— சொல்லுங்க.

— மழ வருதா அங்க?

— இல்ல. மப்புத்தான். நீங்க சொல்லுங்க.

— அந்த ரூமுல ஆள் இருக்கு.

— ம்.

— வேற ஒரு புள்ளைய எடுத்துட்டாங்க. பிரியந்தின்னு, நீர்கொழும்புப் பக்கம். புருசன் அங்கயே புல்லு வெட்டுறவன். அவங்க ரெண்டு பேரும் அந்த ரூமுக்கு வந்து... நாளாச்சு ரூபி. நீ ரெக்கெட்டச் சரியா பிடிக்கப் பழகிக்கிட்டு இருந்தப்பவே வந்துட்டாங்க. நான் சொல்லல. சொல்லணும்னுதான் எடுப்பேன். நீ போன வச்சிட்டு ஓடிப்போய்க் கோட்டுக்குப் பின்னால நிப்ப. பெரிய சப்பாத்தப் போட்டுக்கிட்டு. அந்த நேரம் எப்பிடிச் சொல்றது? ஒன் சேர்வுல என்னா பெழைன்னு தேடுவேன். பெழை இருந்தா இன்னைக்குச் சொல்ல வேண்டியதில்லன்னு இருந்தேன். இன்னைக்கு நானே போய் இருந்த பெழையையும் எடுத்துட்டேன்.

— ம்.

— என்னைய ஏசு ரூபி. என்னான்னாலும் ஏசு.

— எனக்குத் தெரியும் மாமா.

— என்னா தெரியும்?

— அந்தப் புள்ளைய எடுத்தது. கிளப்புக்காரங்க பேஸ்புக்குல படம் போட்டிருந்தாங்க. பூச்செண்டு குடுத்து நோனாமாரெல்லாம் நிக்கிறாங்க. பின்னுக்கு, மரத்துகிட்ட, பந்துக் கூடையோட நீங்க. படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். மெலிஞ்சு போயிருந்தீங்க.

— எப்ப பாத்த?

— போட்ட அன்னைக்கே.

— அன்னைக்கேயா? பொறகு ஏன் நீ ஒரு வார்த்த கேக்கல?

— நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நாலு நாள் போனதும், சொல்லிறாதீங்கன்னு இருந்தேன்.

— வேலை இல்லன்னு தெரிஞ்சும் தெனமும் இந்தக் குளிர்ல மேல ஏறி வந்தியா? மலையில நின்னு களைச்சுப் போய், சாம்பலத் தூக்கிக்கிட்டு, அட்டைக் கடியோட? எதுக்கு புள்ள?

— கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க என்னைய இவ்ளோ நேரம் பாத்ததே இந்தச் சேர்வாலதானே மாமா.